மெதப்பு ஜாஸ்தி

மகனே ஏழுமலை, இதைச் சொல்கிறவன் நான், எழுதுகிறவர் கரீம் பாய். தோல் ஷாப்பில் குமாஸ்தாவாக இருந்தாரே, உனக்கு முதல் முதலாகச் சிலேட்டு வாங்கிக் கொடுத்தவர், அவரேதான். எழுத்து எனக்கு எப்போதும் கிடையாது. இப்போது கண்ணும் போய்க்கொண்டிருக்கிறது. உன் கார்டு போன வாரம் பாய் பெயருக்கு வந்தது. தை பிறந்ததும் கம்பெனிக்காரர்கள் உன்னைக் கான்பூருக்கு அனுப்புகிறார்கள், பெண்டாட்டி பிள்ளையோடு போகிறாய், திரும்ப எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது, நைனாவிடம் சொல்லிவிடுங்கள் என்று நாலு வரி. பாயை மூன்று தடவை படிக்கச் சொன்னேன். "யோவ், கார்டுல எழுதினதத்தான் படிக்க முடியும். எழுதாதத எங்கேருந்துய்யா படிக்கிறது?" என்று அவர் எரிந்து விழுந்தார். போவதற்கு முன்னால் வந்து பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை எங்காவது ஓரத்தில் இருக்குமோ என்று பார்த்தேன். இல்லை.

வேலூரில் கண் பார்க்கிற டாக்டரம்மாவிடம் ஐப்பசியில் போய்வந்தேன். தோல் ஷாப்பில் மயிர் கழிக்கிற சுண்ணாம்புத் தொட்டியில் முப்பது வருஷம் நின்றவனுடைய கண், தெறித்துத் தெறித்து வெந்துபோயிருக்கிறது, அறுத்து எடுக்க இதில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான். இடது கண்ணில் ஆள் தெரியும், முகம் தெரியாது. நாள் போகப் போக அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. அதனால் கேட்கிறேன். கான்பூர் போவதற்குள் ஒரு தடவை ஆம்பூருக்கு வந்துவிட்டுப் போ. கேட்க வேண்டியது இவ்வளவுதான், ஒரு கார்டில் அடங்கும். ஆனால் கேட்டால் மட்டும் நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஆற்றங்கரையில் என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தை இடையில் கிடக்கிறது. அதை எடுத்துப் போட வேண்டுமானால் நான் தூண்டில் தக்கையைப் பற்றிப் பேச வேண்டும். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்காதே. பொறுமையாகக் கேள். உனக்குத் தெரிந்த சங்கதிகள்தான் பாதி.

நான் தூண்டிலில் இரை வைக்காமல் மீன் பிடிக்கிறவன் என்று ஊரில் கேலி பேசுவார்கள், உனக்கு நினைவிருக்கும். அது நானாகக் கண்டுபிடித்தது அல்ல. நீ பிறப்பதற்கு முன்னால், தோல் ஷாப்பில் நீராவி மிஷின் பூட்ட ஒரு துரை வந்திருந்தார். பாலாற்றில் தண்ணீர் வந்த மாதம் அது. பூச்சி மாதிரி சேவல் இறகைச் சுற்றிய தூண்டில் முள்ளை வைத்துக்கொண்டு சவுக்கு மாதிரி வீசுவார். நான் கூடை தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். அவருடைய பூச்சி தண்ணீர் மேலேயே மிதக்கும். நம் ஆற்றுக் கெண்டை மேலே வருவதில்லை, கல்லுக்கு அடியில் ஒட்டியிருக்கும் பூச்சி உருண்டு வரும்போது அடியிலேயே எடுத்துத் தின்னும். துரைக்கு ஒரு மீனும் கிடைக்கவில்லை, அவருக்கு அதில் வருத்தமும் இல்லை. வீசுவதுதான் அவருக்குச் சந்தோஷம். அவர் போன பிறகு நான் ஊறல் தொட்டியிலிருந்து கறுப்பு ஆட்டு மயிர் ஒரு சிட்டிகை எடுத்து, கல்லடிப் பூச்சி மாதிரியே முள்ளில் சுற்றி, ஒரு துணுக்கு ஈயமும் வைத்துக் கட்டி அடியில் விட்டேன். கெண்டை எடுத்தது. அன்றிலிருந்து எனக்குப் புழு தோண்டுகிற வேலை மிச்சம்.

ஆனால் ஒரு கஷ்டம். புழுவானால் மீன் விழுங்கும், தக்கையைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகும், பொறுத்து நிதானமாக இழுக்கலாம். மயிர் முள்ளை வாயில் வைத்ததுமே இது சாப்பாடு இல்லை என்று அதற்குத் தெரிந்துவிடும், துப்பிவிடும். கண் சிமிட்டுகிற நேரம்தான். அந்த நேரத்தில் தக்கை முங்காது. கொஞ்சம் தயங்கும், அவ்வளவுதான். அந்தத் தயக்கத்தைக் காட்டுகிற தக்கை வேண்டும். அதனால்தான் மயிர் முள்ளுக்குத் தக்கை பார்ப்பது பெண் பார்ப்பதைவிடப் பேஜார் என்று உன் அம்மாவிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வேன். "என்ன பாக்க வந்தப்ப மூஞ்சியக்கூடப் பாக்கல. பஜ்ஜியத்தான் பாத்துக்கினு இருந்த" என்பாள்.

எழுதிக்கொள்ளுங்கள் பாய், இவன் போகிற ஊரில் கங்கை ஓடுகிறதாமே, உதவும். ஏழுமலை, சலசலவென்று ஓடுகிற இடத்துக்கு நெட்டியில் உருட்டின தக்கை, சுண்டைக்காய் அளவு போதும். அமைதியாக ஓடுகிற மடுவுக்கு மயிலிறகின் தண்டு, விரல் நீளத்துக்கு நறுக்கி இரண்டு முனையையும் மெழுகால் அடைத்துக்கொள். எதுவானாலும் முள்ளையும் ஈயத்தையும் தாங்குகிற அளவுக்குத்தான் இருக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு இம்மியும் கூடாது. அந்தத் தாங்குகிற சக்தியைத்தான் நம் பக்கத்தில் மெதப்பு என்கிறோம். மெதப்பு கம்மியானால் தக்கை தானே முங்கும். ஜாஸ்தியானால் மீன் தொட்டதே அதற்குத் தெரியாது. ஆற்றங்கரைக்குப் போய்ச் சோதிக்காதே, வீட்டிலேயே அண்டாவில் தண்ணீர் நிரப்பி விட்டுப் பார், தலை மட்டும் வெளியே தெரிய வேண்டும். கயிற்றில் தக்கையை முடிச்சுப் போட்டுக் கட்டாதே, நம் கயிறு திரித்த குதிரை முடிதானே, முடிச்சு விழுந்த இடத்தில் அறும். துளையில் முடியைக் கோத்து, ஒரு துண்டு ஈர்க்குச்சியைச் செருகி இறுக்கு. வேண்டியபோது ஏற்றலாம், இறக்கலாம். ஓடுகிற தண்ணீரில் முள் பின்தங்கிச் சாய்ந்து வரும், ஆகையால் ஆழம் ஒரு பங்கு என்றால் தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவே ஒன்றரைப் பங்கு விடு. வெயில் எதிரே பளபளக்கிற தண்ணீரில் விளக்குக்கரி பூசின கறுப்புத் தக்கைதான் தெரியும். மர நிழலில் சுண்ணாம்பு தடவின வெள்ளைத் தக்கை. பக்கத்தில் போகிற நுரையைப் பார். தக்கையும் நுரையும் ஒன்றாகப் போனால் எல்லாம் சரி. நுரை போய், தக்கை ஒரு நொடி நின்றால், மீனா கல்லா என்று யோசிக்காதே. மணிக்கட்டைத் தூக்கு.

இதை உனக்கு நான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கவில்லை. முதலில் உனக்குப் புழுவில்தான் பழக்கினேன். தக்கை ஆடினதுமே நீ வெடுக்கென்று இழுப்பாய். "பொறுடா, பொறுடா, முங்கட்டும்" என்று ஒவ்வொரு தடவையும் அதட்டி, ஒரு மழைக்காலம் முழுவதும் அதட்டி, பொறுக்கக் கற்றுக்கொண்டாய். அடுத்த வருஷம் மயிர் முள்ளைக் கையில் கொடுத்தேன். தக்கை தயங்கியது. நீ சமர்த்தாகப் பொறுத்துக்கொண்டிருந்தாய். மறுபடி தயங்கியது. நீ என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பொறுத்தாய். நான் பொடனியில் ஒன்று வைத்தேன். "கண்ணு இன்னா பொடனிலயா இருக்குது? இழுடா!" என்றேன். நீ அழவில்லை. "நீதான நைனா பொறுன்னு சொன்ன?" என்று கேட்டாய். நான் என்ன பதில் சொன்னேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் சொல்லவில்லை. தப்பு என் பக்கம் இருக்கும்போது நான் பேசுவதில்லை, அது என் வழக்கம். உன் மகனுக்கு நாலு வயசாகிறதாம். அவனுக்கு இரண்டையும் கற்றுக்கொடு, ஆனால் எது எதற்கு என்று முதலிலேயே சொல்லிக்கொடு.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். உனக்குப் பரிசம் பேசப் பெண் வீட்டார் வந்த அன்று. நீ பட்டணத்தில் பெரியமேட்டுத் தோல் கிடங்கில் கிளார்க்காகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முந்தின நாள் ரயிலில் வந்து இறங்கினாய். கோட்டு, பூட்ஸ். தெரு முழுக்க உன் பூட்ஸ் சத்தம் கேட்டுக்கொண்டு வந்தது, உன் அம்மா வாசலுக்கும் அடுப்புக்குமாக ஓடினாள். எனக்கு இரண்டு சாமான் கொண்டுவந்திருந்தாய். ஒன்று, கடையில் வாங்கின சீமைத் தக்கை. கொட்டைப்பாக்கைவிடப் பெரியது, ஒரு பாதி சிவப்பு, ஒரு பாதி பச்சை, மேலே வார்னிஷ். இன்னொன்று வாசனைச் சோப்பு. சோப்பைக் கொடுக்கும்போது, "நைனா, நாளைக்கி அவங்கள்லாம் வர்றாங்க. கைய கொஞ்சம் நல்லா தேச்சிக் கழுவிக்க" என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய், மரியாதையாகத்தான் சொன்னாய். ஆவாரம்பட்டைச் சாறு ஏறின கை அது. நகக்கண்ணில் ஏறின கறுப்பு சோப்புக்குப் போகாது என்று உனக்குத் தெரியாதா? தெரியும். நீ பிறந்ததிலிருந்து பார்த்த கைதானே. நான் சோப்பை வாங்கி மாடத்தில் வைத்தேன். கழுவவில்லை.

மறுநாள் காலையில் சமையலுக்குக் கொஞ்சம் மீன் பிடிக்கலாம் என்று மடுவுக்குப் போனேன். தோல் ஷாப்புத் தண்ணீர் வந்து சேருகிற இடத்துக்கு மேலே, வழுக்குப் பாறைக்குப் பக்கத்தில். உன் மாமனார் ஜோலார்பேட்டையிலிருந்து முதல் வண்டியிலேயே வந்துவிட்டார். ரயிலில் தண்டவாளம் மாற்றிக் கொடி காட்டுகிற பாயிண்ட்ஸ்மேன் வேலை, நின்ற இடத்தில் நிற்கமாட்டார், வாய் ஓயாது. நானும் வருகிறேன் சம்பந்தி என்று பின்னாலேயே வந்து பாறைமேல் உட்கார்ந்தார். கரீம் பாயும் இருந்தார். நீ பின்னால் வந்தாய். மணல் ஒட்டும் என்று உட்காராமல் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நீ கொடுத்ததை மரியாதைக்குப் போட்டுப் பார்ப்போம் என்று அந்தச் சீமைத் தக்கையைக் கயிற்றில் கோத்தேன்.

உன் மாமனார் அதைப் பார்த்ததும் ஆரம்பித்தார். "இன்னா சம்பந்தி, செவப்பும் பச்சயுமா! கெண்டைக்கிக் கொடி காட்டப் போறீங்களா? எங்க ஸ்டேஷனுக்கு ஒண்ணு குடுங்க, நானும் கொஞ்சம் உக்காருவேன்."

எல்லாரும் சிரித்தோம், நீயும் சிரித்தாய். தக்கையைத் தண்ணீரில் விட்டேன். மயிர் முள்ளுக்கு அது எங்கே பொருந்தும்? வாத்து மாதிரி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு ஆடிக்கொண்டே போனது. அடியில் முள் இருக்கிறது என்ற நினைப்பே அதற்கு இல்லை. நான் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னேன், "மெதப்பு ஜாஸ்திடா. பாதிக்கு மேல அறுத்து எறியணும்."

அவ்வளவுதான் சொன்னேன். தலைக்கனத்துக்கும் நம் ஜனங்கள் வாயில் அதே வார்த்தைதான் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. உன் மாமனார் உன் கோட்டைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார், தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "சரியா சொன்னீங்க சம்பந்தி! மாப்ளைக்கி மெதப்பு கொஞ்சம் ஜாஸ்திதான்! கவலப்படாதீங்க, எம் பொண்ணு வந்து அறுத்து எறிஞ்சிடுவா!"

நீ சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "யாருக்கு நைனா?" என்று கேட்டாய்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. தக்கைக்குடா. அவ்வளவுதான். உன் மாமனாரும் ஓ என்றிருப்பார், நாலு வீட்டில் சொல்லிச் சிரித்திருப்போம், முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. உன் மாமனாரோடு சேர்ந்து சிரித்தேன். நீ திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தாய்.

பாய் இப்போது பேனாவை நிறுத்திவிட்டார். "நானும் அன்னைக்கி இருந்தேனே. நீ தக்கையத்தான் சொன்னேன்னு இத்தன வருஷமா எங்கிட்ட சாதிச்சியேய்யா" என்கிறார். ஆமாம் பாய், சொன்னது தக்கையைத்தான். "அப்போ சிரிச்சது?" என்கிறார். சிரித்தது சோப்புக்காக. எழுதுங்கள். ஏழுமலை, இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட. வார்த்தை தவறிப் போய் விழுந்தது. விழுந்த பிறகு, பிள்ளைக்கு வலிக்கட்டும் என்று அதை எடுக்காமல் விட்டது நான். அன்றைக்கு ஒரு நிமிஷம் எனக்குச் சுகமாகவும் இருந்தது. அப்புறம் இந்த ஏழு வருஷமும் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் போயிற்று.

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. காலில் விழுந்தாய், விபூதி வைத்தேன். அப்புறம் பட்டணம் போனாய். கார்டுகள் பாய் பெயருக்கு வந்தன. உன் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். "ஒரு நட பட்டணம் போய் தக்கையத்தாண்டா சொன்னேன்னு சொல்லிட்டு வாயேன். ஒன் வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?" என்பாள். பொங்கலுக்கு வருவான், அப்போது சொல்லலாம் என்பேன். பொங்கலுக்கு வரமாட்டாய். ஆடிக்கு வருவான் என்பேன். வந்தாய், அவள் காய்ச்சலில் போன பிறகு வந்தாய். கருமாதி அன்று தலை மழித்துக்கொண்டு ஆற்றில் முழுகி எழுந்து, வழுக்குப் பாறைக்குப் பக்கத்தில் ஈரத்தோடு நின்று அந்த மடுவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். அன்றைக்கு என் இடது கண் நன்றாகத் தெரிந்தது. நீ திரும்பி என் பக்கம் பார்த்தாய். வாயைத் திறந்தாய். நான் பொறுத்தேன். அவனே கேட்கட்டும், கேட்டால் சொல்லலாம் என்று பொறுத்தேன். நீ, "வர்றேன் நைனா, வண்டிக்கு நேரமாச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். தக்கை தயங்கியும் பொறுத்தாய் என்று சின்ன வயசில் உன்னைப் பொடனியில் அடித்தேனே, அதே தப்பைத்தான் நான் செய்தேன். என்னை அடிக்கத்தான் ஆள் இல்லை.

அந்தச் சீமைத் தக்கையை நான் அறுக்கவில்லை, ஏழுமலை. இத்தனை நாளும் சோப்புப் பக்கத்திலேயே மாடத்தில் கிடந்தது. சோப்பு எலி தின்று பாதியாகிவிட்டது. தக்கைக்கு வார்னிஷ்கூடப் போகவில்லை. போன மாதம் ஆற்றில் தண்ணீர் வந்தது. மயிலிறகுத் தண்டைப் போட்டுப் பார்த்தேன், தெரியவில்லை. சுண்ணாம்பு தடவின நெட்டியைப் போட்டேன், நுரை எது தக்கை எது என்று தெரியவில்லை. மூன்று நாள் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன். நாலாம் நாள் உன் தக்கையை எடுத்துப் போய்க் கோத்துவிட்டேன். தெரிந்தது. சிவப்பாக, பெரிதாக, வாத்து மாதிரி மேலே உட்கார்ந்துகொண்டு போவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. எது ஜாஸ்தி என்று சொன்னேனோ அது இருப்பதால்தான் இப்போது என் கண்ணுக்கு ஏதோ ஒன்று புலப்படுகிறது. தினமும் அதைத்தான் போடுகிறேன். மீன் ஒன்றும் கிடைப்பதில்லை. கெண்டை வந்து தொட்டுவிட்டுத் துப்பிவிட்டுப் போகும், அது அசையக்கூட அசையாது. பாய் பக்கத்தில் உட்கார்ந்து, "மீனுக்கு நல்லா வெளையாட்டு காட்டுறய்யா" என்கிறார். அவருக்கும் கண் மங்கல்தான், என்னைவிடக் கொஞ்சம் தேவலை.

எனக்கு அலுத்துவிட்டது. பேசிப் பேசி வாயும் வறண்டுவிட்டது, பாய்க்குக் கை வலிக்கிறதாம். நீ கோபத்தை விட்டுவிட்டு வா என்று நான் கேட்கவில்லை, அதையும் கூடவே கொண்டுவா, வீட்டில் இடம் இருக்கிறது. தை வரைக்கும் ஆற்றில் தண்ணீர் இருக்கும் என்று சொல்கிறார்கள். என் மருமகளும் பேரனும் வந்தால் சந்தோஷம், அவர்களுக்கு முடியாவிட்டால் நீ மட்டும் ஒரு பகல் வந்து போ. ஸ்டேஷனுக்கு வருகிறேன். கோட்டு போட்டுக்கொண்டு வா, பூட்ஸ் போட்டுக்கொண்டு வா, அந்தச் சத்தத்தை வைத்துத்தான் நான் உன்னைக் கண்டுபிடிக்க வேண்டும். கையைக் கழுவிக்கொண்டு வருகிறேன், எலி விட்டுவைத்தது போதும்.

நீ வந்தால் சீமைத் தக்கையைக் கழற்றிவிட்டு மயிலிறகுத் தண்டைப் போடலாம். ஈர்க்குச்சி செருகுவதெல்லாம் நான் விரலாலேயே செய்துவிடுவேன். கோலை நான் பிடித்துக்கொள்கிறேன். நீ என் பக்கத்தில் நின்று தக்கையைப் பார். முங்கும்வரைக்கும் பொறுக்க வேண்டாம். தயங்கினால் உடனே சொல்லிவிடு.

உன் நைனா
(கைநாட்டு)